ஸ்பிட்ஃபயரா, ஸீரோவா, முஸ்டாங்கா: சிமுலேட்டரில் எந்தப் போர் விமானத்தை எடுப்பது?

ஃப்ளைட் சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டும் விளையாட்டு) பக்கம் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இரண்டாம் உலகப் போரில் பறந்த சண்டை விமானங்களில் எது பெஸ்ட்? கேட்ட மாத்திரத்தில் பதில்கள் வந்து குவியும். ஒருவர் அமெரிக்காவின் முஸ்டாங் என்பார். மணிக்கு 700 கி.மீ. வேகம், வேறென்ன வேண்டும் என்பார். இன்னொருவர் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர்போல் வட்டமடிக்க எதனாலும் முடியாது என்பார். மூன்றாமவர் ஜப்பானிய ஸீரோவை இழுத்துவந்து ஸ்பிட்ஃபயரையே மட்டம் தட்டுவார். நாலாமவர், ஜெர்மனியின் ஹார்ட்மன் 352 விமானங்களை வீழ்த்தியது மெஸ்ஸர்ஷ்மிட் 109-ல்தானே என்று கேட்டு மற்ற மூவர் வாயையும் அடைப்பார்.

நாலு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி விமானத்தை எடுத்தால் முதல் சண்டையிலேயே புகைவிட்டுக்கொண்டு கீழே போவீர்கள், எங்கிருந்து சுட்டார்கள் என்றுகூடத் தெரியாது. வேகம், வட்டமடிப்பு, ஏற்றம் எல்லாமே ஒரே கணக்கின் பகுதிகள். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டால், எந்த விமானம் உங்கள் கைக்கு ஒத்துவரும் என்று நீங்களே சொல்லிவிடலாம். கணிதம் அதிகம் வேண்டாம், பயப்படாதீர்கள்.

உயரம் என்பது சேர்த்துவைத்த வேகம்

சைக்கிளில் மேம்பாலம் ஏறியிருப்பீர்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். உச்சிக்குப் போய்விட்டால் மிதிக்கவே வேண்டாம், இறங்கும்போது வேகம் தானாக வரும். ஏறும்போது பட்ட பாடு வீணாகவில்லை. உயரமாக மாறிச் சேர்ந்திருந்தது. அதேபோல நல்ல வேகத்தில் வந்து பாலத்தில் ஏறினால் பாதி ஏற்றம் மிதிக்காமலே கடந்துவிடும். இப்போது பாலத்து உச்சியில் ஒருவர், அடிவாரத்தில் ஒருவர். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும் என்றால் யார் கை ஓங்கும்? கீழே இருப்பவர் வைத்திருப்பது விலை உயர்ந்த கியர் சைக்கிள் என்பதெல்லாம் அந்த இடத்தில் எடுபடாது.

விமானத்திலும் இதே கதைதான். ஒரு விமானத்தின் உயரத்தையும் வேகத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதையே ஆற்றல் என்கிறார்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள்ளலாம். மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் போகிற விமானத்தின் மூக்கைத் தூக்கி, வேகம் 360-க்குக் குறையும்வரை ஏறவிட்டால், சுமார் 640 மீட்டர் உயரம் கிடைக்கும். எஞ்சின் காற்றுத் தடையைச் சமாளித்துக்கொண்டிருந்தால் போதும். உயரம் முழுக்க வேகத்திலிருந்தே வருகிறது. மறுபடி கீழே இறக்கினால் அந்த வேகம் திரும்பக் கிடைக்கும், காற்றுத் தடை கொஞ்சம் தின்றது போக.

இதே 640 மீட்டரை எஞ்சின் பலத்தால் மட்டும் ஏற வேண்டுமானால், போரின் ஆரம்ப காலத்து நல்ல விமானம் ஒன்றுக்கு முக்கால் நிமிடம்போல ஆகும். சண்டையில் முக்கால் நிமிடம் என்பது ஒரு யுகம். அதனால் சண்டை தொடங்கும்போது யாரிடம் அதிக ஆற்றல் இருக்கிறதோ, அவரிடமே பெரும்பாலும் கடைசிவரை இருக்கும். தாக்குவதா, விட்டுவிட்டுப் போவதா என்பதையும் அவர்தான் முடிவு செய்வார்.

கொழும்பு, 1942 ஏப்ரல் 5

ஈஸ்டர் ஞாயிறு காலை. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தன. கப்பற்படை வருவது திடீர்ச் செய்தி அல்ல. முந்தின நாளே கனடியரான லெனார்ட் பர்ச்சல் ஓட்டிய கேட்டலினா ரோந்து விமானம் அதைக் கண்டு தகவல் அனுப்பியிருந்தது. அப்படியிருந்தும் மறுநாள் காலை ரேடார் எச்சரிக்கை வந்து சேரவில்லை. இரத்மலானையில் நின்ற பிரிட்டிஷ் ஹரிகேன் விமானங்கள், தலைக்கு மேல் எதிரி வந்துவிட்ட பிறகுதான் அவசர அவசரமாக எழும்பின. ரேஸ்கோர்ஸ் மைதானத்தை ஓடுதளமாக்கி அங்கே இன்னொரு படைப்பிரிவை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கும் ஏறுவதற்குப் போதிய நேரம் கிடைக்கவில்லை.

தரையிலிருந்து அப்போதுதான் எழுந்த விமானத்திடம் உயரம் கிடையாது. வேகமும் கிடையாது. மேலே ஸீரோக்களிடம் இரண்டும் இருந்தன. ஹரிகேன்கள் கடும் இழப்பைச் சந்தித்தன. தப்பிக்க வட்டமடித்துப் பார்த்தவர்களுக்கு இன்னும் மோசம். வட்டமடிப்பதில் ஸீரோவை மிஞ்ச ஹரிகேனால் முடியாது. அதே காலை திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு வந்த ஆறு பிரிட்டிஷ் ஸ்வார்ட்ஃபிஷ் இரட்டையடுக்கு இறக்கை விமானங்களும் ஸீரோக்களிடம் சிக்கி வீழ்ந்தன.

இதைப் படித்துவிட்டு "ஹரிகேன் மட்டமான விமானம்" என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் 1940-ல் பிரிட்டன் வானில் நடந்த போரில், ஸ்பிட்ஃபயரைவிட அதிகமான ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியது இந்த ஹரிகேன்தான். எண்ணிக்கையில் அவை அதிகம் இருந்தது ஒரு காரணம். இன்னொன்று, அங்கே ரேடார் முன்கூட்டியே சொன்னது, தரைக் கட்டுப்பாட்டு அறை வழிகாட்டியது. பல சமயம் எதிரியைச் சந்திக்கும் முன்பே உயரம் சேர்க்க முடிந்தது.

நேர்மாறான கதை பர்மாவில் நடந்தது. க்ளேர் ஷெனால்ட் திரட்டிய அமெரிக்கத் தன்னார்வப் படை பி-40 விமானங்களோடு ரங்கூன் வானில் ஜப்பானியரை எதிர்கொண்டது. பி-40 கனமானது, ஏற்றத்தில் மந்தம், வட்டமடிப்பிலும் ஜப்பானிய விமானங்களுக்கு ஈடாகாது. ஷெனால்ட் தன் ஆட்களிடம் சொல்லிவைத்தது சுருக்கமானது: மேலிருந்து பாய், சுடு, அதே வேகத்தில் விலகிப் போ, அவர்களோடு வட்டமடிக்காதே. மந்தமான விமானத்தை வைத்துக்கொண்டே அந்தப் படை பெயர் வாங்கியது. (அவர்கள் சண்டையிட்டது ஸீரோக்களோடு என்று இன்றும் எழுதுகிறார்கள். பெரும்பாலும் அவை ஜப்பானியத் தரைப்படையின் கி-27, கி-43 ரகங்கள். ஸீரோ கடற்படையுடையது.)

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உயரமும் வேகமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை, இரண்டும் சேர்ந்ததே ஆற்றல். விமானத்தின் ரகத்தைவிட, சண்டை தொடங்கும் நொடியில் அதனிடம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானிக்கிறது.

அப்புறம் ஏன் எல்லாரும் வட்டமடிப்பைப் பற்றியே பேசுகிறார்கள்?

பார்க்க அழகாக இருப்பதால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் வட்டமடிப்புக்கும் கணக்கு உண்டு, அதைப் பார்த்துவிடுவோம்.

விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருவது இறக்கைச் சுமை. ஒவ்வொரு சதுர மீட்டர் இறக்கையும் எத்தனை கிலோவைத் தாங்குகிறது என்று அது சொல்லும். ஆரம்பகால ஸீரோவின் எடை சுமார் 2,400 கிலோ, இறக்கை 22.4 சதுர மீட்டர். ஆக 107 கிலோ. முதல் ரக ஸ்பிட்ஃபயருக்கு இது சுமார் 125. அதே காலத்து மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு 160-ஐ ஒட்டி. முஸ்டாங் பி-51டி-க்கு, நிரப்பும் எரிபொருளைப் பொறுத்து, 200-க்குப் பக்கத்தில். சுமை குறையக் குறைய, குறைந்த வேகத்திலும் சின்ன வட்டம் போடலாம். இந்த ஒரு எண்ணைப் பார்த்தால் ஸீரோதான் ராஜா.

ஆனால் வட்டத்தின் அளவை இன்னொன்றும் தீர்மானிக்கிறது: வேகம். திரும்பும்போது நம்மை இருக்கையில் அழுத்தும் விசையை ஜி என்ற அளவில் சொல்கிறார்கள். 4 ஜி என்றால் உங்கள் உடல் நான்கு மடங்கு கனத்ததுபோல் இருக்கும். மணிக்கு 360 கி.மீ. வேகத்தில் 4 ஜி திருப்பம் போட்டால் வட்டத்தின் ஆரம் சுமார் 265 மீட்டர். 540 கி.மீ. வேகத்தில் அதே 4 ஜி போட்டால் சுமார் 590 மீட்டர், இரண்டு மடங்குக்கும் மேல். வேகமாக வருகிறவரால் சின்ன வட்டம் போட முடியாது. முஸ்டாங்கை எடுத்துக்கொண்டு ஸீரோவின் வாலைப் பிடிக்கப் போனவர் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

சின்ன வட்டத்துக்கு விலையும் உண்டு. திரும்புவதற்காகக் கட்டையை (விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோல்) பின்னால் இழுக்கும்போது இறக்கை காற்றைச் செங்குத்தான கோணத்தில் எதிர்க்கிறது, தடை எகிறுகிறது, வேகம் வடிகிறது. இன்னும் இழுத்தால் காற்று இறக்கையின் மேற்பரப்பைவிட்டுப் பிய்ந்துபோய், இறக்கை தூக்கும் வேலையையே நிறுத்திவிடும். இதற்கு ஸ்டால் என்று பெயர். மூன்று சுற்று சுற்றியபின் ஒருவரின் வாலை நீங்கள் பிடித்திருக்கலாம், ஆனால் அப்போது உங்களிடம் வேகமும் இருக்காது, உயரமும் இருக்காது. இரத்மலானையிலிருந்து எழுந்த ஹரிகேனின் நிலைமைக்கு நீங்களே இறங்கி வந்திருப்பீர்கள். மேலே இன்னொருவன் காத்திருந்தால் கதை முடிந்தது.

ஸீரோவின் குறைந்த எடைக்குப் பின்னால் இன்னொரு கணக்கும் இருந்தது. விமானியைக் காக்கும் கவசத் தகடு கிடையாது. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் கிடையாது. சரியான இடத்தில் சில குண்டுகள் பட்டாலே தீப்பிடிக்கும். அமெரிக்கர்களுக்கு அதன் மற்ற ரகசியங்கள் தெரியவந்தது ஒரு விபத்தால். 1942 ஜூனில் அலாஸ்காவை ஒட்டிய அக்குட்டான் தீவில், சேதமடைந்த ஸீரோ ஒன்று புல்வெளி என்று நினைத்துச் சதுப்பில் இறங்கித் தலைகுப்புறக் கவிழ்ந்தது. விமானி இறந்தார், விமானம் பெரிதாகச் சேதமாகவில்லை. அதை மீட்டு சான் டியாகோவுக்குக் கொண்டுபோய்ப் பழுதுபார்த்து செப்டம்பரில் பறக்கவிட்டார்கள். வேகம் கூடக் கூட அதன் கட்டை கல்லாக இறுகுவதும், அதிவேகத்தில் வலப்பக்கம் புரள அது மிகவும் திணறுவதும் தெரிந்தது. அதன்பின் அமெரிக்க விமானிகளுக்குக் கொடுத்த யோசனை எளிமையானது: ஸீரோ வாலில் ஒட்டிக்கொண்டால் வேகமாகக் கீழே பாய்ந்து வலப்பக்கம் புரண்டு விலகு. சிமுலேட்டரிலும் அது அப்படியே வேலை செய்யும்.

புரளும் வேகம்

விமானம் திரும்புவதற்கு முன் அந்தப் பக்கம் சாய வேண்டும். நீளவாக்கில் தன்னைத்தானே சுற்றிச் சாய்வதுதான் புரளல். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வட்டமடிப்பைவிட இதற்குத்தான் அதிக மதிப்பு கொடுக்க வேண்டும்.

1941 இலையுதிர்காலத்தில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே ஜெர்மனியின் புதிய ஃபோக்க-வுல்ஃப் 190 தலைகாட்டியது. வட்டமடிப்பில் அப்போதைய ஐந்தாம் ரக ஸ்பிட்ஃபயர், அதாவது ஸ்பிட்ஃபயர் 5-தான் மேல். ஆனால் 190 அதைவிட வேகம், புரள்வதில் மின்னல். ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் சாய்ந்து பின்தொடரத் தொடங்கும்போதே 190 வலப்பக்கம் புரண்டு கீழே பாய்ந்துவிடும். ஸ்பிட்ஃபயர் திசை மாறி முடிப்பதற்குள் எதிரி கண்ணுக்கு எட்டாத தூரம். 1942 ஜூனில் ஒரு ஜெர்மன் விமானி வழி குழம்பி வேல்ஸில் உள்ள பெம்ப்ரே தளத்தில், அது பிரான்ஸ் என்று நினைத்து, புத்தம்புதிய 190 ஒன்றை இறக்கினார். பிரிட்டிஷாருக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது. அடுத்த மாதமே புதிய எஞ்சினோடு ஸ்பிட்ஃபயர் 9 படையில் சேர்ந்து நிலைமையைச் சமன் செய்தது. ஸ்பிட்ஃபயர் 5-களில் பலவற்றின் இறக்கை நுனியையே வெட்டிவிட்டார்கள். அழகு போனது, புரளும் வேகம் கூடியது.

எந்த உயரத்தில் சண்டை?

"மணிக்கு 703 கி.மீ." என்று முஸ்டாங்கைப் பற்றிச் சொல்கிறவர்கள் அது எந்த உயரத்தில் என்று சொல்வதில்லை. சுமார் 7,600 மீட்டரில். கடல் மட்டத்தை ஒட்டிப் பறந்தால் அதில் ஏறக்குறைய நூறு கி.மீ. குறைந்துவிடும்.

எஞ்சினுக்குக் காற்று வேண்டும், மேலே போகப் போகக் காற்று மெலியும். மெல்லிய காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி சூப்பர்சார்ஜர். அது எந்த உயரத்துக்காக அமைக்கப்பட்டதோ அந்த உயரத்தில்தான் விமானம் தன் முழுப் பலத்தையும் காட்டும்.

அமெரிக்காவின் பி-39 ஏராகோப்ராவைப் பாருங்கள். மேல் உயரங்களில் அது மூச்சுத் திணறும். பிரிட்டன் 1941-ல் ஒரே ஒரு படைப்பிரிவுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டது. சோவியத் யூனியனுக்கு நாலாயிரத்துக்கும் மேல் அனுப்பினார்கள். அங்கே அது கொண்டாடப்பட்டது. காரணம், கிழக்குப் போர்முனையில் பெரும்பாலான வான்சண்டைகள் 5,000 மீட்டருக்குக் கீழேயே நடந்தன. அங்கே பி-39-க்கு மூச்சு முட்டவில்லை. சோவியத் சாதனை விமானி போக்ரிஷ்கின் தன் வெற்றிகளில் பெரும்பகுதியை இதில்தான் பெற்றார். சண்டைக்கு அவர் வகுத்த சூத்திரம் நான்கே சொற்கள்: உயரம், வேகம், லாவகம், சுடுதல். வரிசையைக் கவனியுங்கள். லாவகம் மூன்றாவது இடத்தில்தான் வருகிறது.

பி-47 தண்டர்போல்ட் இதற்கு நேர்எதிர். தரைக்குப் பக்கத்தில் சோம்பேறி யானை. எட்டு, ஒன்பது கிலோமீட்டர் உயரத்தில், அதன் டர்போ சூப்பர்சார்ஜர் புண்ணியத்தில், அதைத் தொட ஆள் குறைவு. ஆகவே நீங்கள் விளையாடும் சர்வரில் எல்லாரும் இரண்டாயிரம் மீட்டரில் மோதிக்கொண்டிருந்தால் பி-47-ஐ எடுத்து ஏமாறாதீர்கள்.

சுருக்கமாக: வட்டமடிப்பு இறக்கைச் சுமையையும் வேகத்தையும் பொறுத்தது, அதற்கு ஆற்றலில் விலை கொடுக்க வேண்டும். புரளல், சண்டையில் சேரவும் விலகவும் உதவும். இவை எல்லாமே எஞ்சினுக்குப் பிடித்த உயரத்தில் இருந்தால்தான் பலிக்கும்.

சரி, எதை எடுப்பது?

முதல் தடவை வானத்தில் உல்லாசமாகச் சுற்ற வேண்டும் என்றால் ஸ்பிட்ஃபயர் 9. கைக்கு இதமான விமானம். ஸ்டாலுக்கு முன் உடம்பை உதறி எச்சரிக்கும், தப்புகளை மன்னிக்கும். அந்த மன்னிக்கிற குணம்தான் சிக்கலும். எதற்கெடுத்தாலும் கட்டையை இழுத்துத் திரும்பும் பழக்கத்தை அது உங்களுக்கு ஊட்டிவிடும்.

முதல் ரக ஸ்பிட்ஃபயரையோ ஹரிகேனையோ எடுத்தால் ஒரு வேடிக்கை உண்டு. மூக்கைச் சட்டென்று கீழே தள்ளினால் எஞ்சின் தும்மி அணையப் பார்க்கும். கார்புரேட்டரில் எரிபொருள் மேலே மிதந்து விநியோகம் குலைவதால் வரும் கோளாறு அது. நேரடியாக எரிபொருளைப் பீய்ச்சும் ஜெர்மன் எஞ்சின்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1941-ல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் ஒரு சிறு துளையிட்ட உலோகத் தகட்டைப் பொருத்தி நிலைமையைப் பெருமளவு சமாளித்தார். அதற்கு முந்தைய ரகத்தில் நீங்கள் பாய நினைத்தால் முதலில் தலைகீழாகப் புரண்டு, பிறகு கட்டையை இழுத்து இறங்குங்கள்.

முஸ்டாங் எடுப்பவர்கள் எரிபொருளை முழுக்க நிரப்பாதீர்கள். இங்கிலாந்திலிருந்து பெர்லின் போய்த் திரும்ப வேண்டிய விமானம் அது. அதற்காக விமானியின் முதுகுக்குப் பின்னால் 85 கேலன் தொட்டி ஒன்று வைத்தார்கள். அது நிறைந்திருக்கும்போது வால் கனத்து, கொஞ்சம் இழுத்துத் திருப்பினாலும் விமானம் கையை மீறும். அசல் விமானிகள் அதை முதலில் காலி செய்துவிட்டுத்தான் சண்டைக்குப் போனார்கள். அரைமணி நேர சிமுலேட்டர் சண்டைக்கு நாற்பது சதவீதமே தாராளம். முஸ்டாங் மோசம் என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் நூறு சதவீதத்தோடு கிளம்பியவர்கள்.

மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஏற்றத்தில் கெட்டிக்காரன், அதிவேகத்தில் கட்டை இறுகும். ஸீரோவை, அடி வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எடுக்கலாம். சோவியத் யாக்-3 தாழ்வான சண்டைக்கு அருமை.

எனக்குப் பிடித்தது ஃபோக்க-வுல்ஃப் 190. வட்டமடிக்கப் போனால் கைவிட்டுவிடும், ஸ்டால் ஆகும்போது முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு இறக்கை சரியும். அதனாலேயே அது நல்ல வாத்தியார். மேலிருந்து வா, ஒரு தடவை சுடு, புரண்டு விலகு, மறுபடி ஏறு என்ற ஒழுக்கத்தை ஒரு வாரத்தில் பழக்கிவிடும். ஆறேழாயிரம் மீட்டருக்கு மேல் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். அங்கே அதன் எஞ்சின் தளர்ந்துவிடும்.

முதலில் தரையை விட்டு எழ வேண்டும்

இந்த விமானங்கள் எல்லாமே ஆயிரம், இரண்டாயிரம் குதிரைத்திறனை ஒற்றை விசிறியில் கொட்டுகின்றன. முழு த்ராட்டில் (எஞ்சின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கொடுத்தவுடன் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும். மேலே சொன்னவற்றில் பலவும் இடப்பக்கம் இழுக்கும், வலது ரட்டரை (வால் சுக்கானைத் திருப்பும் கால் மிதி) மிதித்துச் சமாளிக்க வேண்டும். த்ராட்டிலை மெதுவாக ஏற்றுங்கள்; வால் கிளம்பும்வரை முழுசாகக் கொடுக்காதீர்கள். மெஸ்ஸர்ஷ்மிட் 109-ன் சக்கரங்கள் நெருக்கமாக இருப்பதால் அதில் இன்னும் கவனம் வேண்டும், இறங்கும்போதும் கூட. மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயரில் (மேலே சொன்ன ஸ்பிட்ஃபயர்கள் எல்லாம் அதுதான்) பழகிவிட்டு, கிரிஃபன் எஞ்சின் பொருத்திய ஸ்பிட்ஃபயர் 14-க்கு மாறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். பழக்கதோஷத்தில் வலது காலை அழுத்தினால், ஓடுதளத்தை விட்டு நேராக ஹேங்கருக்குள் போய்விடுவீர்கள்.